கம்பி நீளுது, திருகு யார் கையில்?



போன ஞாயிற்றுக்கிழமை ரங்கூனில் இருக்கும் அத்தையிடமிருந்து அழைப்பு வந்தது. "கரண்ட் வந்திருச்சு தம்பி, போறதுக்குள்ள பேசிடு" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். இந்த முறை ஒரு நல்ல சேதியும் இருந்தது. வீட்டுக்கு வரும் ஃபைபர் லைனின் வேகத்தை கம்பெனிக்காரர்கள் அதே காசுக்கு இரண்டு மடங்காக்கியிருக்கிறார்களாம். "வேகம் ரெண்டு மடங்கு. ஆனா ஃபேஸ்புக் தொறக்காது, நியூஸ் தொறக்காது. இவ்வளவு வேகமா நான் எங்க போறது?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

அத்தையின் பெயர், அவர் இருக்கும் தெரு, நாங்கள் எந்த ஆப்பில் பேசுகிறோம் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்.

அவர் கேட்ட கேள்விதான் இந்த மடலின் பொருள். நம் கூட்டங்களில் "எல்லோருக்கும் இணையம்" என்று கோரிக்கை வைக்கிறோம். நல்ல கோரிக்கை. ஆனால் அது பாதிக் கோரிக்கை என்பதை கடந்த சில ஆண்டுகளில் மியான்மர் மக்கள் தங்கள் உயிரைக் கொடுத்து நமக்குக் காட்டியிருக்கிறார்கள். மீதிப் பாதி என்ன என்று பார்ப்பதற்கு முன்னால், ஒரு பிராட்பேண்ட் வலை எப்படி வளருது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். டெக்னிக்கல் சமாச்சாரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். அரசியல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பிரித்துப் பிரித்துத்தான் பெருகுது

உங்களில் பலர் வீட்டில் டிவி கேபிள் வழியாகத்தான் இணையம் வருது. டொராண்டோவில் ரோஜர்ஸ், லண்டனில் வெர்ஜின் மீடியா. சென்னையிலும் தெருக் கேபிள்காரர் பல வருடம் அப்படித்தான் கொடுத்தார். தெருவில் ஒரு பெட்டி இருக்கும். அதற்கு நோட் என்று பெயர். அதுவரை கண்ணாடி இழை, அதாவது ஃபைபர். அதற்குப் பிறகு வீடு வரை பழைய செம்புக் கேபிள். ஒரு நோட்டின் கீழ் நூற்றுக்கணக்கான வீடுகள், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல், ஒரே அலைவரிசையைப் பங்குபோட்டுக்கொள்ளும். ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் படம் பார்த்தால் உங்கள் வீட்டில் சக்கரம் சுற்றுவது இதனால்தான்.

இந்த வலையின் கொள்ளளவைக் கூட்ட மூன்று வழி உண்டு. ஒன்று, நோட்டைப் பிரிப்பது. ஃபைபரை இன்னும் உள்ளே கொண்டுபோய், ஒரு பெட்டி இருந்த இடத்தில் இரண்டு, நாலு என்று வைத்தால், பங்குபோடும் வீடுகள் குறையும், ஆளுக்குக் கிடைப்பது கூடும். இரண்டு, கேபிளில் ஓடும் அலைவரிசையை அகலமாக்குவது. 860 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்ததை 1,200க்குக் கொண்டுபோனார்கள், இப்போது 1,800 வரை போகிறார்கள். மூன்று, அதே அகலத்தில் அதிகத் தகவலை அடைப்பது. 1997இல் முதல் டாக்சிஸ் தரம் வந்ததிலிருந்து 2013இன் 3.1, அதற்குப் பிறகு வந்த 4.0 வரை நடந்த வேலை இந்த இரண்டாவது, மூன்றாவது வகைதான்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வட அமெரிக்கக் கேபிள்களில் நெடுங்காலம் நம் வீட்டிலிருந்து வெளியே போகும் பாதைக்கு ஒதுக்கியது 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையான சின்ன இடம் மட்டுமே. மிச்சம் எல்லாம் உள்ளே வருவதற்கு. நாம் பார்ப்பவர்கள், அவர்கள் காட்டுபவர்கள் என்று முடிவு பண்ணித்தான் அந்தக் கேபிளைப் போட்டார்கள். தெருவில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போது அதைப் படம் எடுத்து உலகத்துக்கு அனுப்புகிறவருக்குத் தேவை வெளியே போகும் பாதை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் வேகம் அதுவல்ல.

யாங்கோன் கதை கொஞ்சம் வேற. அங்கே டிவி கேபிள் இணையம் பெரிதாக வேரூன்றவில்லை. டெலிபோன் கம்பி வழி வந்த மெதுவான இணைப்பிலிருந்து நேராக வீடு வரை ஃபைபருக்குத் தாவினார்கள். ஃபைபர் பெரும்பாலும் மின்கம்பங்களில்தான் தொங்குது. அனவ்ரதா சாலையில் காளி கோயில் பக்கம் போய் மேலே பார்த்தால் வானத்தைவிடக் கறுப்புக் கம்பிதான் அதிகம் தெரியும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரு இழையை ஸ்ப்ளிட்டர் என்ற சின்னக் கண்ணாடிப் பிரிப்பான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். பரவலாக இருக்கும் ஜிபான் தரத்தில் அந்த மொத்த வீடுகளுக்கும் சேர்த்து உள்ளே வர சுமார் 2.5 ஜிகாபிட், வெளியே போக அதில் பாதி. இரண்டு முனையிலும் கருவியை மாற்றினால் அதே இழையில் இரண்டு பக்கமும் 10 ஜிகாபிட் ஓடும். புதுசாகக் குழி தோண்ட வேண்டாம். அத்தை வீட்டில் வேகம் கூடியதற்கும் இப்படி ஏதாவது ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. செம்புக் கேபிளுக்குத் தெருவில் நிற்கும் ஆம்ப்ளிஃபயருக்கெல்லாம் கரண்ட் வேண்டும். கண்ணாடிப் பிரிப்பானுக்கு வேண்டாம். பாதி நாள் மின்சாரம் இல்லாத யாங்கோனில், எக்ஸ்சேஞ்சில் ஜெனரேட்டர் ஓடினால், வீட்டில் ஒரு சின்ன பேட்டரி இருந்தால், லைன் உயிரோடு இருக்கும்.

ஆக, இணைய வலை வளர்வது என்றால் பங்குபோடுகிறவர்களைக் குறைத்து, இழையை ஒவ்வொரு வீட்டுக்கும் கிட்டக் கொண்டுவருவது. இழை வீட்டுக்குக் கிட்ட வரவர, அந்த வீடும் வலைக்குக் கிட்ட வருது. எந்தக் கதவு, எந்த மாடி, யார் பெயரில் என்பதெல்லாம் எக்ஸ்சேஞ்சில் ஒரு பட்டியலில் இருக்கும்.

குலுக்கலில் விழுந்த சிம்

பழைய ராணுவ ஆட்சியில் ஒரு சிம் கார்டின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டிய காலம் உண்டு. தொலைத்தொடர்பு முழுக்க எம்.பி.டி. என்ற அரசு நிறுவனத்தின் கையில். 2007இல் பிக்குகள் தெருவில் இறங்கியபோது, செப்டம்பர் கடைசியில் நாட்டின் இணையத்தையே இழுத்து மூடினார்கள். அன்று இணையம் இருந்ததே கொஞ்சப் பேரிடம். மூடுவது சுலபமாக இருந்தது.

பிறகு "திறப்பு" வந்தது. 2013 ஏப்ரலில் 1,500 கியாட் விலையில் குலுக்கல் முறையில் சிம் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் நார்வேயின் டெலினாருக்கும் கத்தாரின் ஊரிடூவுக்கும் உரிமம். 2014இல் இருவரும் சேவையைத் தொடங்கினார்கள். எம்.பி.டி. ஜப்பானின் கேடிடிஐ, சுமிடோமோ கம்பெனிகளோடு கைகோத்தது. ராணுவத்தின் தொழில் குழுமமும் வியட்நாமின் வியட்டெலும் சேர்ந்து 2018இல் மைடெல்லைக் கொண்டுவந்தன. சில வருடத்துக்குள் ஒரு நாடே கையில் போனோடு ஆன்லைனுக்கு வந்தது. உலகமே கைதட்டியது. நாமும்தான்.

வெளியே போகும் கம்பிகளும் பெருகின. 20,000 கிலோமீட்டர் நீளமுள்ள சீ-மீ-வீ 5, ஐரோப்பா வரை போகும் ஏஏஈ-1 இரண்டும் ங்வேசாவுங் கடற்கரையில் கரையேறுகின்றன. சீனா, தாய்லாந்து எல்லை வழியாகத் தரைக் கம்பிகளும் உண்டு. ஆனாலும் ஒரு நாட்டின் எல்லாத் தகவலும் போய்வர இருக்கும் வாசல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கைதட்டல் சத்தத்தில் பலரும் கவனிக்காத ஒரு வரி 2013 அக்டோபரில் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தில் இருந்தது. பிரிவு 77: அவசரநிலையில் பொதுநலன் கருதி எந்தச் சேவையையும் நிறுத்தச் சொல்ல அரசுக்கு அதிகாரம். வலையும் திருகும் ஒரே வருடத்தில் பிறந்தவை.

திருகை முதலில் பெரிய அளவில் திருப்பியது 2021இல் அல்ல. 2019 ஜூன் 21. ராக்கைன், சின் மாநிலங்களில் ஒன்பது நகரியங்களுக்கு மொபைல் இணையம் நின்றது. அப்போது பதவியில் இருந்தது தேர்தலில் ஜெயித்த அரசு. யாங்கோனில் பெரிய சத்தம் இல்லை. நம் மடல்களிலும் இல்லை, சுயவிமர்சனமாகவே சொல்கிறோம். ஓரத்தில் இருப்பவர்கள்மேல் பழகிப் பார்த்த கைதான் பிறகு நடுவுக்கு வந்தது.

மார்ச் 14, ஹ்லைங்தாயா

2021 பிப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்பு. 4ஆம் தேதி ஃபேஸ்புக் தடை. 15ஆம் தேதியிலிருந்து இரவு 1 மணி முதல் காலை 9 மணி வரை இணையம் கிடையாது. ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவதற்கு வசதியான நேரம்.

மார்ச் 14 அன்று யாங்கோனின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஹ்லைங்தாயாவில் படைகள் சுட்டன. ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்த இடம் அது. கிராமத்திலிருந்து வந்த பெண்கள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஐரோப்பாவுக்கும் நமக்கும் சட்டை தைக்கும் இடம். குறைந்தது 65 பேர் கொல்லப்பட்டார்கள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆய்வு சொல்லுது. அங்கே ராணுவச் சட்டம் அறிவித்தார்கள். மறுநாள், மார்ச் 15இலிருந்து, நாடு முழுக்க மொபைல் டேட்டா நின்றது. ஏப்ரல் 2 அன்று வயர்லெஸ் பிராட்பேண்டையும் நிறுத்தச் சொன்னார்கள்.

மிஞ்சியது எது? வீட்டுக்கு வரும் ஃபைபர் மட்டும்.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். ஃபைபர் எங்கே இருந்தது? லைன் போட முன்பணம் கட்ட முடிந்த, நிலையான விலாசம் உள்ள, மாத பில் கட்டக்கூடிய வீடுகளில். நடுநகரத்து அடுக்குமாடிகளில், அலுவலகங்களில், வங்கிகளில். ஹ்லைங்தாயாவின் ஹாஸ்டல் அறையில் ஆறு பேராகத் தங்கும் தொழிலாளிக்கு இணையம் என்றால் கையில் இருக்கும் போன்தான். சுடப்பட்டவர்களுக்கு இணையம் போச்சு. ஃபைபர் வைத்திருந்தவர்களுக்கு, பகலிலாவது, இருந்தது. வங்கியும் ஏற்றுமதி அலுவலகமும் ஓடவேண்டும் இல்லையா? முதலுக்குத் தேவையான இணையத்தை விட்டுவைத்து, மக்களின் இணையத்தை வெட்டினார்கள். வலையின் பரவல் எந்த வர்க்கத்தில் நின்றதோ, இருட்டு சரியாக அந்தக் கோட்டில் தொடங்கியது.

அந்த வாரங்களில் ஃபைபர் கேட்டு மக்கள் முண்டியடித்தார்கள். லைன் இருந்த வீட்டுக்காரர்கள் வைஃபை பாஸ்வேர்டை மாடி முழுக்கப் பகிர்ந்தார்கள். அத்தை வீட்டு மாடிப்படியில் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்களாம், ஆளுக்கொரு போனோடு. "கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு, யாரும் பேசல, அவ்வளவுதான்" என்றார். தொழில்நுட்பம் ஒரு வீட்டுக்கு என்று பிரித்துக் கொடுத்ததை மக்கள் மறுபடி சேர்த்துப் பொதுவாக்கினார்கள். தோழர்களே, அந்த மாடிப்படியை மறக்காதீர்கள்.

பிறகு மொபைல் டேட்டாவைத் திரும்பத் திறந்தார்கள், வேறொரு வடிவத்தில். 2022 ஜனவரியில் புது சிம்முக்கு 20,000 கியாட் வரி, இணையச் சேவைக்கான வரி 5 சதவீதத்திலிருந்து 15க்கு. 2024 மே கடைசியிலிருந்து வி.பி.என்.களை முடக்கத் தொடங்கினார்கள். தெருவில் மறித்து போனை வாங்கிப் பார்த்து, வி.பி.என். இருந்தால் காசு பிடுங்குவதும் நடந்தது. 2025 ஜூலை 30 அன்று நடைமுறைக்கு வந்த சைபர் பாதுகாப்புச் சட்டம், அனுமதி இல்லாமல் வி.பி.என். சேவை நடத்துவதைக் குற்றமாக்கியது. அக்சஸ் நவ் அமைப்பின் கணக்குப்படி 2024இல் உலகத்திலேயே அதிகமாக இணையத்தைத் துண்டித்த நாடு மியான்மர், 85 முறை. ஒன்று குறைவாக, 84 முறையோடு, இரண்டாவது இடத்தில் இந்தியா.

இவ்வளவும் நடக்கும்போது ஃபைபர் நீண்டுகொண்டே போகுது, வேகம் கூடிக்கொண்டே போகுது. முரண்பாடு மாதிரித் தெரியும். எங்கள் பார்வையில் முரண்பாடே இல்லை. பெயரும் விலாசமும் மீட்டரும் உள்ள இணையம் ராணுவத்துக்குத் தொந்தரவில்லை. தெருவில் நடமாடும் இணையம்தான் தொந்தரவு.

மோரேயிலும் இதே வரிசை

"அது ராணுவ ஆட்சி, அங்கே அப்படித்தான்" என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. மியான்மர் எல்லையை ஒட்டி மணிப்பூரில் மோரே என்ற ஊர். 1962 ஆட்சிக் கவிழ்ப்புக்கும் 1964இல் கடைகளை நாட்டுடைமை ஆக்கியதற்கும் பிறகு பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதி, திரும்பிப் போகலாம் என்ற நினைப்பில் எல்லை வரை வந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கம் உண்டு, கோயில் உண்டு.

2023 மே 3 அன்று மணிப்பூர் முழுக்க இணையம் துண்டிக்கப்பட்டது. ஜூலை 25 அன்று எதைத் திரும்பக் கொடுத்தார்கள்? நிலையான லைன் பிராட்பேண்டை மட்டும், நிபந்தனைகளோடு. நிலையான ஐ.பி. முகவரி இருக்க வேண்டும். வைஃபை ஹாட்ஸ்பாட் கூடாது. வி.பி.என். கூடாது. சமூக ஊடகம் கூடாது. மீறினால் சந்தாதாரரே பொறுப்பு என்று கையெழுத்து. மொபைல் டேட்டா முழுசாகத் திரும்ப இன்னும் பல மாதம் ஆச்சு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெனரல்கள், இந்தப் பக்கம் "உலகின் மிகப்பெரிய ஜனநாயகம்". வரிசை மட்டும் ஒன்றே: விலாசம் உள்ளவருக்கு முதலில், மாடிப்படியில் பகிர்வது குற்றம்.

காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5 முதல் 2021 பிப்ரவரி வரை அதிவேக மொபைல் இணையம் இல்லை. நடுவில், 2020 ஜனவரி 10 அன்று, காலவரையற்ற துண்டிப்பு செல்லாது, உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அனுராதா பாசின் வழக்கில் சொன்னது. சொன்ன பிறகும் ஒரு வருடம் இழுத்தார்கள். இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று கோட்டாவுக்கு எதிரான போராட்டத்தை அடக்க சமூக ஊடகங்களை முடக்கினார்கள். கொழும்பு கொதித்தது, சில மணி நேரத்தில் திறந்தார்கள். வடக்கு கிழக்கில் போர்க் காலத்தில் டெலிபோன் இல்லாமல் கிடந்த வருடங்களுக்கு அந்தக் கொதிப்பு எங்கே இருந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ராக்கைனுக்கு நாம் கொதித்தோமா என்று அவர்கள் நம்மைக் கேட்கும் உரிமையும் உண்டு.

கொடியின் நிறம் பார்த்து

இடதுசாரிகள் என்ற முறையில் நமக்குச் சங்கடமான இரண்டு விஷயத்தைப் பேச வேண்டும்.

முதலாவது மைடெல். அதில் 49 சதவீதம் வைத்திருக்கும் வியட்டெல் யாருடையது? வியட்நாம் பாதுகாப்பு அமைச்சகத்துடையது. நம் வீட்டுச் சுவரில் ஹோ சி மின் படம் இருக்கலாம், நமக்கு அந்த நாட்டின் போராட்டத்தின்மேல் மரியாதை இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த நாட்டு ராணுவத்தின் கம்பெனி, தன் மக்களைச் சுடும் ராணுவத்தோடு கூட்டு வைத்து டவர் போடுது. சிவப்பைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்கிற பழக்கத்தை விட்டாக வேண்டும்.

இரண்டாவது டெலினார். "நல்ல" முதலாளித்துவத்தின் உதாரணம். பெரும்பான்மைப் பங்கு நார்வே அரசுடையது. ஒட்டுக்கேட்கும் கருவியை இயக்கச் சொல்லி வந்த நெருக்கடி ஐரோப்பியத் தடைகளோடு மோதுது என்று சொல்லி, 2021 ஜூலையில் 105 மில்லியன் டாலருக்கு லெபனானின் எம்1 குழுமத்துக்கு விற்பதாக அறிவித்தார்கள். உடனே 474 மியான்மர் சிவில் அமைப்புகளின் சார்பில் சோமோ என்ற டச்சு அமைப்பு நார்வேயில் புகார் கொடுத்தது. விற்பனை நிற்கவில்லை. 2022 மார்ச்சில் முடிந்தது. பெரும்பங்கு கடைசியில் போய்ச் சேர்ந்தது ராணுவத்தோடு நெருக்கமானது என்று சொல்லப்படும் ஷ்வே பைன் ஃபியூ என்ற உள்நாட்டுக் குழுமத்துக்கு. டெலினார் என்ற பெயர் ஆட்டம் ஆச்சு. சுமார் 1.8 கோடி வாடிக்கையாளர்களின் பெயரும் அழைப்பு விவரமும் நெட்வொர்க்கோடு கைமாறின. கை கழுவிக்கொண்டு கிளம்பியவர்கள் கழுவிய தண்ணீரை யார் தலையில் ஊற்றினார்கள் என்று பாருங்கள்.

"அப்போ சாட்டிலைட்தான் வழி, ஸ்டார்லிங்க் வாங்கி அனுப்புவோம்" என்று சில தோழர்கள் எழுதியிருந்தீர்கள். எல்லைப் பகுதிகளில் அது ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் உதவியிருக்கு, மறுக்கவில்லை. ஆனால் மியாவடிப் பக்கம் கே.கே. பார்க் மாதிரியான மோசடிக் கூடாரங்களும் அதில்தான் ஓடின. வேலை என்று ஏமாற்றிக் கொண்டுபோய் அடைத்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 13 பேரை 2022 அக்டோபரில் மீட்டு சென்னைக்குக் கொண்டுவந்தது நினைவிருக்கும். 2025 அக்டோபரில் அந்தப் பகுதியில் 2,500க்கும் மேற்பட்ட கருவிகளை முடக்கியதாக ஸ்பேஸ்எக்ஸ் அறிவித்தது. இந்த முறை திருகியது சரியான இடத்தில் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த முறை? அந்தத் திருகு ஒரு கோடீஸ்வரரின் கம்பெனியில் இருக்குது.

அரசு வலை போதுமா?

நம் வழக்கமான பதில் "தனியாரிடம் கொடுக்காதே, அரசு நடத்தட்டும்" என்பது. 2022 ஜூலை 8 அன்று ரோஜர்ஸ் வலை ஒரு தவறான அப்டேட்டால் விழுந்து, கனடாவில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் ஒரு நாள் முழுக்கத் தவித்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதில் நியாயமாகத்தான் படும். 911க்கு அழைக்க முடியவில்லை, கடையில் கார்டு தேய்க்க முடியவில்லை.

கேரளாவில் இடதுசாரி அரசு 2023 ஜூன் 5 அன்று கேஃபோனைத் தொடங்கியது. இணையம் குடிமக்களின் உரிமை என்று அறிவித்து, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று இலக்கு வைத்தது. இணைப்புகள் அந்த வேகத்தில் போய்ச் சேரவில்லை என்ற விமர்சனம் சரிதான். ஆனாலும் லாபம் வராத மலைக்கிராமத்துக்கு இழையைக் கொண்டுபோக வேண்டும் என்றால் அதைச் செய்யக்கூடியது பொதுத்துறைதான். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்க டான்ஃபிநெட் அமைத்ததும் அந்த நினைப்பில்தான். இவற்றை நாம் ஆதரிக்கிறோம்.

ஆனால் எம்.பி.டி.யும் அரசு நிறுவனம்தானே? 2007இல் இருட்டாக்கியது அரசு வலையை. சொத்து யாருடையது என்பது ஒரு கேள்வி. திருகைத் தொட யாருக்கு அதிகாரம், தொட்டால் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பது தனிக் கேள்வி. முதலாவதற்கு நம்மிடம் நூறு வருடமாகப் பதில் இருக்கு. இரண்டாவதற்குப் பதில் தயாரிக்கவில்லை என்றால், நாளைக்கு நாம் கட்டும் பொது வலையை நமக்குப் பிறகு வரும் ஆள் நம்மேலேயே திருப்புவான்.

அதனால் எங்கள் நிலைப்பாடு இது. பொது வலை வேண்டும். அதோடு சேர்ந்து, துண்டிப்பு உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், அன்றே வெளியிட வேண்டும், சில நாளில் தானாகக் காலாவதி ஆக வேண்டும். வலையை இயக்கும் தொழிலாளர்களுக்கு அதை மறுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். இணைப்புக்குக் குடியுரிமை அட்டை கேட்கக் கூடாது. 1982 குடியுரிமைச் சட்டம் எத்தனை ரங்கூன் தமிழர்களை அட்டை இல்லாமலோ இரண்டாந்தர அட்டையோடோ விட்டது என்று தெரிந்த நாம், அடையாள அட்டை கேட்கும் சிம் யாரை வெளியே தள்ளும் என்று விளக்க வேண்டியதில்லை. வெளியே போகும் பாதையும் உள்ளே வரும் பாதையும் சமமாக இருக்க வேண்டும். பாஸ்வேர்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது ஒருநாளும் குற்றமாகக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

ஆஸ்லோவில் இருக்கும் தோழர்களுக்கு: டெலினாரின் பெரும்பங்குதாரர் உங்கள் அரசு. உங்கள் வரிப்பணத்தின் கம்பெனி விட்டுவந்த தரவுக்கு யார் பொறுப்பு என்று உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள். மியான்மர் தோழர்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களோடு போய் நில்லுங்கள். மற்ற நாட்டுத் தோழர்கள், உங்கள் பல்கலைக்கழகத்தின், உங்கள் பெற்றோரின் பென்ஷன் நிதி மியான்மர் ராணுவத்தோடு வியாபாரம் பண்ணும் தொலைத்தொடர்பு, கண்காணிப்புக் கம்பெனிகளில் இருக்கா என்று பாருங்கள். ஒரு கடிதம் போதும் ஆரம்பிக்க.

மியான்மரில் சொந்தம் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர்கள் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டைப் பேரோடு போடாதீர்கள். "வி.பி.என். போட்டுப் பாருங்க" என்று நம் ஆர்வத்துக்காக அவர்களைத் தூண்டாதீர்கள். தெருவில் போனை நீட்ட வேண்டியது அவர்கள்.

கடைசியாக, "எல்லோருக்கும் இணையம்" என்ற பலகையைக் கீழே போட வேண்டாம். அடுத்த ஊர்வலத்தில் அதன் கீழே இன்னொரு வரி சேர்த்துக்கொள்வோம்: "திருகு மக்கள் கையில்."

அத்தையோடு அன்று பேசி முடிக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்தவர்களில் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், அதற்குள் அந்தப் பக்கம் கரண்ட் போய்விட்டது. அடுத்த ஞாயிறு கேட்பேன்.

உங்கள் ஊரில் இணையம் துண்டிக்கப்பட்ட அனுபவம் இருந்தால் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். பெயர் வேண்டாம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழு